பூ கேட்டாயிற்று; இனி எந்தச் சிகிச்சை?

எங்கள் பக்கத்தில் பெரிய முடிவுகளைப் பூ கேட்காமல் எடுப்பதில்லை. சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பூப்பொட்டலங்களை அம்மன் முன்னால் வைத்து, விவரம் அறியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த நிறம் வந்தால் உத்தரவு கிடைத்ததாகப் பொருள். என் தாய்மாமாவை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகலாமா என்று அத்தை கேட்டபோது, நினைத்தபடியே வெள்ளைப் பூ வந்தது. ஆனால் பூ ‘போ’ என்று மட்டும்தான் சொல்லும். எந்த வைத்தியத்துக்குப் போவது என்று சொல்லாது. அந்த இரண்டாவது கேள்விக்காக ஈரோட்டில் ஜவுளிக் கணக்கெழுதும் நான் சில மாதங்கள் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டவற்றை, இதே கேள்வியோடு நிற்கும் இன்னொரு குடும்பத்துக்குப் பயன்படட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

மாமா சங்ககிரிக்காரர், 22 ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறவர். விடியற்காலையில் பவானியைத் தாண்டிய நான்குவழிச் சாலையில், பால் கேனைக் கட்டிக்கொண்டு குறுக்கே வந்த ஒரு மொபெட்டின் மீது வண்டி ஏறிவிட்டது. ஓட்டிவந்தவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். வழக்கு ஒருபுறம் நடக்கிறது. வீட்டுக்குள் நடப்பது வேறு. குக்கரின் ஆவி ‘புஸ்’ என்று வெளியேறினால், அது ஏர் பிரேக் காற்றை விடும் ஓசைபோல் கேட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து துள்ளி எழுகிறார். இரவு மூன்று மணிக்கு வியர்த்து விழிக்கிறார். பால் ஊற்றிய டீயைத் தொடுவதில்லை. வண்டிச் சாவியை அத்தை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்திருந்தது அவருக்குத் தெரியும், கேட்கவில்லை. நடந்தது இப்போதுதான் நடப்பதுபோலத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, உடம்பு எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து விறைத்திருப்பது ஆகிய மூன்றும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் மருத்துவர்கள் அதைப் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய், என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியதே 1980-இல்தான். அதற்கு முன்பு இந்த நோய் இல்லை என்று பொருளல்ல, நாம் அதைப் ‘பயந்த கோளாறு’ என்றோ ‘ஆளே மாறிட்டாருங்க’ என்றோ சொல்லிக்கொண்டிருந்தோம்.

முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய வழி, பொறுத்திருப்பது. அதை இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பெரும்பாலோருக்கு முதல் சில வாரங்களின் தூக்கமின்மையும் திடுக்கிடலும் தாமாகவே அடங்கிவிடுகின்றன. தூக்கம், சாப்பாடு, கூட இருக்கும் மனிதர்கள் ஆகியவையே அப்போதைய மருந்து. சம்பவம் நடந்த சூட்டோடு ஆளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்லும் உடனடி ‘டீபிரீஃபிங்’ முறையைத் தரக்கூடாது என்றே மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. எங்கள் வீட்டில் அதை உளவியலாளர் செய்யவில்லை, பார்க்க வந்த உறவுகள் செய்தன. வாசலில் செருப்பைக் கழற்றும் ஒவ்வொருவரும் ‘எப்படிங்க ஆச்சு?’ என்று ஆரம்பத்திலிருந்து கேட்டார்கள், மாமா பதினைந்து முறையாவது சொல்லியிருப்பார், ஒவ்வொரு முறையும் அன்று இரவு தூங்கவில்லை. திருநீறு போட்டுவிடுவதையும் கயிறு மந்திரித்துக் கட்டுவதையும் நான் மறுக்கவில்லை. மனது கொஞ்சம் ஆறும் என்றால் ஆறட்டும். ஆனால் ஒரு மாதம் கடந்தும் அறிகுறிகள் குறையாமல் இருக்கும்போது கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டே ஒரு வருடத்தைக் கழிப்பது, பொறுத்திருப்பதாகாது, நாள் கடத்துவது.

அடுத்தது மாத்திரை. இந்த நோய்க்கென்று அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதித்திருப்பவை செர்ட்ராலின், பாராக்ஸெடின் என்னும் இரண்டு மட்டுமே. முன்னதற்கு 1999-இலும் பின்னதற்கு 2001-இலும் அனுமதி கிடைத்தது. இரண்டும் நம் ஊர் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை. வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் பிடிக்கும், நன்றாகிவிட்டது என்று நாமாகத் திடீரென நிறுத்தக்கூடாது, தொடக்கத்தில் வயிற்றுப் புரட்டலோ தூக்கக் கலக்கமோ வரலாம் என்பவை மாத்திரைச் சீட்டோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை. உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த மருந்துகளை முதல் வரிசையில் வைக்கவில்லை. பேச்சுவழிச் சிகிச்சை பலிக்காதபோது, அல்லது கிடைக்காதபோது, அல்லது கூடவே கடுமையான மனச்சோர்வும் இருக்கும்போது கருதலாம் என்கிறது. அதற்காக மாத்திரையைத் தாழ்த்திப் பேச மாட்டேன். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருவரை எந்தச் சிகிச்சை அறையிலும் உட்காரவைக்க முடியாது, அவரை எழுப்பி உட்காரவைக்கும் வேலையை மாத்திரை செய்யும். நான் அஞ்சுவது வேறொன்றை: தூக்கத்துக்கென்று கொடுக்கப்படும் பென்சோடையாசெபின் வகை மாத்திரைகள் சில நாளுக்கென்று தொடங்கிப் பழக்கமாகிவிடும் என்பதும், அந்த மயக்கத்தோடு ஒருவர் ஸ்டியரிங் பிடிக்கக்கூடும் என்பதும். இரவில் ஒரு குவார்ட்டர் அடித்தால்தான் தூக்கம் வருகிறது என்பவர் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

உண்மையான போட்டி இதற்குப் பிறகுதான் வருகிறது: வாய்விட்டுச் சொல்லி, தவிர்ப்பதை எதிர்கொள்ளும் முறையா, கண் அசைவு முறையா?

முதலாவதில் பெயர்பெற்றது, அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. ஏறத்தாழ 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம் வரை நீளும். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, அன்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். ‘ஓட்டினேன்’ என்றல்ல, ‘ஓட்டறேன், எதிர்ல லைட்டு தெரியுது’ என்று. சொல்வதைச் செல்பேசியில் பதிவுசெய்து கொடுப்பார்கள், அதை வீட்டில் நாள்தோறும் கேட்க வேண்டும். இன்னொரு பாதி, தவிர்த்துவரும் காரியங்களை எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக அடுக்கி ஒவ்வொன்றாகச் செய்வது. மாமாவுக்கு அந்தப் பட்டியல் எப்படி இருக்கும் என்று நானே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்: நிறுத்திய லாரியின் கேபினில் கதவைத் திறந்துவைத்து உட்கார்வது, கதவைச் சாத்தி உட்கார்வது, இஞ்சினை ஓடவிட்டு ஏர் பிரேக்கை அழுத்தி விடுவது, ஷெட்டுக்குள் பத்தடி நகர்த்துவது, பகலில் சங்ககிரி வரை ஓட்டுவது, கடைசியாக விடியற்காலையில் பவானியைத் தாண்டுவது. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பாதியில் இறங்கி ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்ளும். இதே வகைச் சிகிச்சைகளில் அமெரிக்க உளவியலாளர் பேட்ரிஷியா ரெசிக் வகுத்த 12 அமர்வு முறை ஒன்றும் உண்டு. அதில் சம்பவத்தை விவரிப்பதைவிட, ‘நான் அஞ்சு நிமிஷம் டீ குடிச்சிட்டு வந்திருந்தா அவர் பிழைச்சிருப்பார்’ என்பதுபோல் நெஞ்சில் தைத்த எண்ணத்தை எடுத்து எழுதி, அது எவ்வளவு உண்மை என்று சோதிப்பதே பெரும்பகுதி வேலை. குற்றவுணர்வே முதன்மையான நோவாக இருப்பவர்களுக்கு அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

இனிக் கண் அசைவு. இ.எம்.டி.ஆர். என்று அழைக்கப்படும் இதன் தொடக்கம் 1987. பிரான்சின் ஷபீரோ என்னும் அமெரிக்கப் பெண்மணி பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, மனதை அரித்த எண்ணங்களின் வேகம் தணிந்ததையும் அப்போது தம் கண்கள் தாமாகப் பக்கவாட்டில் விரைந்து அசைந்ததையும் கவனித்தார் என்பது அவரே சொன்ன வரலாறு. 22 பேரிடம் சோதித்த முதல் ஆய்வை 1989-இல் வெளியிட்டார். நெடுஞ்சாலையில் வளர்ந்த எங்களுக்கு இதைக் கேட்டதும் வைப்பர்தான் நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் படிந்ததை இடமும் வலமுமாகத் துடைத்தெடுப்பது போலவா என்று அத்தை கேட்டார். அவ்வளவு எளிதில்லை. எட்டுக் கட்டங்கள் கொண்ட இந்த முறையில் கண் அசைவு தொடங்குவதே நான்காவது கட்டத்தில்தான். அதற்கு முன்பு முழு வரலாற்றையும் கேட்டறிய வேண்டும், கொந்தளிப்பு வந்தால் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் பயிற்சியைக் கொடுக்க வேண்டும், எந்த நினைவை எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும்.

நினைவை அளந்து பார்க்கும் மூன்றாவது கட்டமும் கண் அசைவு தொடங்கும் நான்காவது கட்டமும் அறைக்குள் எப்படி நடக்கின்றன என்று மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைய நிகழ்வில் மிக மோசமான ஒரே ஒரு படத்தை மனதில் நிறுத்தச் சொன்னார்கள். அது சாலையில் உருண்டுபோன பால் கேன். அந்தப் படத்தோடு தன்னைப் பற்றி எழும் நினைப்பு என்ன என்று கேட்டார்கள். ‘நான் ஒரு கொலகாரன்’. அதற்குப் பதில் எதை நம்ப விரும்புகிறீர்கள் என்றதற்கு, நெடுநேரம் கழித்து, ‘என்னால முடிஞ்சதச் செஞ்சேன்’ என்றார். அந்த நல்ல நினைப்பு எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்பதற்கு 1 முதல் 7 வரை ஒரு எண். படத்தைப் பார்க்கும்போது எவ்வளவு வேதனை என்பதற்கு 0 முதல் 10 வரை ஒரு எண். வேதனைக்கு 9 என்றார். உடம்பில் எங்கே தெரிகிறது என்றபோது வலது காலைத் தொட்டுக் காட்டினார், பிரேக்கை மிதித்த கால். பிறகு சிகிச்சையாளரின் இரண்டு விரல்கள் முகத்துக்கு எதிரே இடமும் வலமுமாகப் போய்வர, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். ஒரு சுற்று அரை நிமிடம் போல. நிறுத்தி, மூச்சை இழுத்துவிட்டு, ‘இப்ப என்ன வருதுங்க?’ என்று மட்டும் கேட்பார். ஓடும் ரயிலின் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே போகும் காட்சிகளைப் பார்ப்பதுபோல, வருவதை வரவிடுங்கள், பிடித்து நிறுத்த வேண்டாம் என்பதே அங்கே சொல்லப்படும் அறிவுரை. கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுவார்கள்.

இவ்வளவையும் கேட்டபின் எழும் கேள்வி, விரல் அசைவில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது. இது உளவியலாளர்களுக்குள் முப்பது ஆண்டுக்கும் மேலாக ஓயாத வாக்குவாதம். நினைவை எதிர்கொள்வதுதான் வேலை செய்கிறது, கண் அசைவு வெறும் அலங்காரம் என்று ஹார்வர்டின் ரிச்சர்ட் மெக்நாலி போன்றோர் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். 2001-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டேவிட்சனும் பார்க்கரும் கண் அசைவால் கூடுதல் பலன் தெரியவில்லை என்றார்கள். 2013-இல் அவ்வாறே தொகுத்துப் பார்த்த லீயும் கைபர்ஸும் கூடுதல் பலன் உண்டு என்றார்கள். காரணம் சொல்ல முயல்பவர்களிடம் எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுவது செயல்நினைவு பற்றிய விளக்கம்: மனதின் முன்மேசை சிறியது, அதில் ஒரு கொடிய நினைவை வைத்துக்கொண்டே ஓடும் விரலையும் கவனிக்க வேண்டியிருந்தால் இடம் பற்றாமல் நினைவின் கூர்மை மழுங்குகிறது, மழுங்கிய நிலையிலேயே அது திரும்பச் சேமிக்கப்படுகிறது. விளக்கம் எப்படி இருந்தாலும், முழு முறையாகச் செய்யும்போது பலன் உண்டா என்பது தனிக் கேள்வி, அதற்கு விடை தெளிவாகவே இருக்கிறது. 2013 வழிகாட்டியில் உலகச் சுகாதார நிறுவனம் அதிர்ச்சி நினைவை மையமாகக் கொண்ட சி.பி.டி.யையும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை; ஃபோவா, ரெசிக் முறைகள் இந்த வகை) கண் அசைவு முறையையும் அருகருகே வைத்துப் பரிந்துரைக்கிறது. நைஸ் வழிகாட்டி, போர் சாராத அதிர்ச்சியாக இருந்து, மூன்று மாதத்துக்கு மேலும் பி.டி.எஸ்.டி. தொடரும் பெரியவர்களுக்குக் கண் அசைவு முறையை வழங்கலாம் என்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் மட்டும் 2017-இல் ஃபோவா, ரெசிக் முறைகளை வலுவாகவும் கண் அசைவு முறையை நிபந்தனையோடும் பரிந்துரைத்தது. ஆகவே, ஒன்று உண்மை மற்றது போலி என்ற நிலை இல்லை. இரண்டும் நடக்கக்கூடிய பாதைகள், சுமை வெவ்வேறு.

அந்தச் சுமை வேறுபாட்டைத்தான் குடும்பங்கள் எடைபோட வேண்டும். முதல் மருத்துவரிடம் போகலாம் என்று நான் அழைத்தபோது மாமா கேட்டது ஒன்றே: ‘போயி என்னத்தச் சொல்றது மாப்ள?’ நம் ஆண்களில் பலர் அப்படித்தான். கண் அசைவு முறை சம்பவத்தை நுணுக்கமாக விவரிக்கச் சொல்வதில்லை, வீட்டுப்பாடம் கொடுத்தனுப்புவதில்லை. அமர்வுகளுக்கு இடையே கண்ட கனவையோ எண்ணத்தையோ குறித்துவரச் சொன்னால் அதிகம். இரண்டு அறை வீட்டில், பிள்ளைகளும் மாமியாரும் இருக்கும் இடத்தில், தன் குரலில் பதிவான ஒரு மரணத்தை நாள்தோறும் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்த்தால் இது சிறிய வசதியல்ல. தறி ஓடும் வீடென்றால் கேட்கவே வேண்டாம். மறுபக்கத்தில், வெட்கத்துக்காக மட்டும் கண் அசைவு முறையைத் தேர்ந்தால் ஏமாற்றம் வரும். சொல்லாமல் இருக்கலாம், பார்க்காமல் இருக்க முடியாது. அறைக்குள் அந்தப் படத்தை முழுவதும் பார்த்தாக வேண்டும், அடுத்த இரண்டு மூன்று நாள் கனவுகள் கூடலாம். எனவே அமர்வு முடிந்த அன்று தனியாக வண்டி ஓட்டித் திரும்புவதை நான் விரும்ப மாட்டேன். அதோடு, பிழைப்புக்காகத் திரும்பவும் அதே சாலைக்குப் போக வேண்டியவருக்கு, படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி எப்படியும் தேவைப்படும். கண் அசைவு முறையிலும் எதிர்காலச் சூழலை மனதில் ஒத்திகை பார்க்கும் பகுதி உண்டு. ஆனால் ஒத்திகை ஒத்திகைதான், கிளட்சை மிதிப்பது வேறு.

இரண்டுக்கும் பொதுவாகச் சில தடைகள். அடிக்கும் கை இன்னும் அதே வீட்டில் இருக்கிறது என்றால், பழைய அடியின் நினைவை ஆற்றுவதற்கு முன்பு அடிபட்டவருக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் முதலில் மனநல மருத்துவர். வலிப்பு, கண் நோய், அடிக்கடி தன்னிலை மறந்து வெறித்துப்போவது ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; கண்ணுக்குப் பதில் இரு கைகளிலும் மாற்றி மாற்றித் தட்டியோ, இரு காதிலும் மாறி மாறி ஒலி கேட்கச் செய்தோ நடத்த வழியுண்டு.

ஒரே விபத்து, ஒரே நாள் என்று சுட்டிக்காட்ட முடியாமல் வாழ்நாள் முழுக்க அடுக்கடுக்காக நேர்ந்திருந்தால் மூன்றாவது ஒரு முறையையும் கேட்டுப் பார்க்கலாம். வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து கதையாகச் சொல்லவைக்கும் அந்த எடுத்துரைப்பு முறை போரிலிருந்து தப்பியவர்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. தரையில் ஒரு கயிற்றைப் பிறப்பிலிருந்து இன்றுவரை நீட்டிப் போட்டு, நல்லது நடந்த இடத்தில் பூவையும் கெட்டது நடந்த இடத்தில் கல்லையும் வைக்கச் சொல்வார்கள். பவானிசாகர் முகாமில் இருக்கும் ஈழத்துப் பெரியவர் ஒருவரின் கயிற்றில் எத்தனை கல் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கும்போது, ஒற்றைப் படத்தில் தொடங்கும் முறை அங்கே போதாது என்பது புரிகிறது.

முறையைவிட ஆள் முக்கியம் என்பதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். ‘ஒரே உட்காரல்ல பயம் போயிரும்’ என்று ஒருவர் சொன்னதை நம்பி, முதலில் ஒரு கவுன்சலிங் நிலையத்துக்குப் போனோம். அங்கே வரலாறு கேட்கவில்லை, அமைதிப்படுத்தும் பயிற்சி தரவில்லை. வந்த பத்தாவது நிமிடத்தில் விரலை ஆட்டத் தொடங்கிவிட்டார்கள். மாமா நடுங்கியபடி வெளியே வந்து பேருந்து நிலையத்தில் வாந்தியெடுத்தார், அடுத்த மூன்று வாரம் எங்கே கூப்பிட்டாலும் வரவில்லை. இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்த சான்றிதழ் சுவரில் இருந்தது, அதை நான் பிறகுதான் நிதானமாக வாசித்தேன். கண் அசைவு முறைக்கென்றே அமெரிக்காவில் இருக்கும் இ.எம்.டி.ஆர். சங்கத்தின் அளவுகோலில் அடிப்படைப் பயிற்சியே 20 மணி நேரம் பாடம், 20 மணி நேரம் செய்முறை, 10 மணி நேரம் மூத்தவரின் மேற்பார்வை ஆலோசனை என்று போகிறது. ஆகவே கேட்க வேண்டியவற்றைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்: நீங்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவான மருத்துவ உளவியலாளரா, அல்லது மனநல மருத்துவரா? பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம்? முதல் அமர்வில் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு ‘விரலை ஆட்டுவோம்’ என்று விடை வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

கோவையில் இந்த முறையைச் செய்பவரைத் தேடிக் கண்டடைய முடியும். அந்தியூரிலோ தாராபுரத்திலோ இருப்பவருக்கு வாரம் ஒருமுறை பஸ் ஏறி, ஒருநாள் கூலியையும் விட்டு, கட்டணமும் கட்டுவது எளிதல்ல. போக முடியாத சிறந்த சிகிச்சையைவிட, போய்வரக்கூடிய நல்ல சிகிச்சை மேல். கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலோ, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடமோ தொடங்கினால் நோயறிதலும் மருந்தும் செலவின்றிக் கிடைக்கும். 2022 அக்டோபரில் தொடங்கிய, தொலைபேசி வழியாக மனநல உதவி தரும் அரசின் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் படுக்கையில் சேராமல் வாராவாரம் போய்வரும் சிகிச்சைக்குப் பாலிசி பணம் தருமா என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் வீட்டின் முடிவு இந்த வழிகளைக் கலந்ததாக அமைந்தது. மனநல மருத்துவர் செர்ட்ராலினைக் குறைந்த அளவில் தொடங்கினார். தூக்கம் ஓரளவு திரும்பிய பிறகு, முறையாகப் பயின்ற ஒரு மருத்துவ உளவியலாளரிடம் கண் அசைவு முறையைத் தேர்ந்தோம், காரணம் மாமாவால் அதைச் சொல்ல முடியவில்லை என்பதே. விரலே அசையாத இரண்டு அமர்வுகளுக்குப் பிறகு ஆறு அமர்வுகள் முடிந்திருக்கின்றன. 9 என்று சொன்ன எண் இப்போது 3. அது 0 ஆகும்வரை காத்திராமல், நான் தாளில் எழுதிய படிகளை அந்த உளவியலாளரிடம் காட்டி, அவர் திருத்திக் கொடுத்தபடி வண்டியோடு பழகும் வேலையையும் தொடங்கிவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் இஞ்சினை ஓடவிட்டு, மாமா தாமே ஏர் பிரேக்கை நான்கு முறை அழுத்தி விட்டார். முதல் முறை கை நடுங்கியது, நான்காவது முறை கிளீனர் பையனிடம் டயர் காற்றைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை டீ கொண்டுவந்தார். பால் மட்டும் இன்னும் வேண்டாம் என்கிறார்.